உப்பும் தராசும் வச்சு மோல் கணக்கு: பத்தாம் வகுப்புல செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

தராசுமுள் (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒண்ணுல பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கறேன். 38 பிள்ளைங்க.

"அணுக்களும் மூலக்கூறுகளும்" பாடம் (மோல்ங்கற எண்ணிக்கை அளவு வர்ற பாடம்) முடிச்சு தேர்வும் வச்சாச்சு. "117 கிராம் சோடியம் குளோரைடில் எத்தனை மோல்?" அப்படின்னு கேட்டா பாதி வகுப்பு 58.5ஆல வகுத்து 2 மோல்னு சரியா எழுதுது. சந்தோஷமா இருந்தேன். போன வெள்ளிக்கிழமை சும்மா ஒரு யோசனையில, சத்துணவுக் கூடத்துல இருந்து ஒரு பாக்கெட் உப்பும் சமையல் தராசும் கொண்டுவந்து மேசை மேல வச்சு, "யாராவது வந்து அரை மோல் உப்பு எடுத்து வைங்க"ன்னு சொன்னேன். ஒருத்தரும் எழுந்துக்கல. கணக்குல எப்பவும் முதல்ல விடை சொல்ற பையன் கிட்ட வந்து தராசைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மிஸ், இதுல கிராம்தானே காட்டுது, மோல் எங்க காட்டும்?"னு கேட்டான்.

அவன் மேல தப்பில்ல. வகுக்கறதை மட்டும்தான் நான் சொல்லிக் குடுத்திருக்கேன், எதை வகுக்கறோம்னு சொல்லல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அதனால திரும்பவும் கையில தொட்டுச் செய்யற மாதிரி எடுக்கலாம்னு இருக்கேன். ஆறு குழு. குழுவுக்கு ஒரு பொருள்: உப்பு, சர்க்கரை, ஆப்பசோடா, தண்ணீர், அலுமினியத் தாள், சாக்பீஸ் (கால்சியம் கார்பனேட்). ஒவ்வொண்ணுலயும் ஒரு மோல் எடை போட்டு வரிசையா மேசையில வைக்கணும். இதை முன்னாடியே செஞ்சவங்க இருந்தா எங்க சறுக்கும்னு சொல்லுங்க. என்கிட்ட ஒரே ஒரு தராசு, 45 நிமிஷ பீரியட்.

கரும்பலகை:

டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் 22 வருடமாகப் பத்தாம் வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தேர்வில் தராசு வைப்பதில்லை. கணக்குதான் வரும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கணக்குதான் தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுவில் நிற்கும். இரண்டு பீரியடை இதற்குக் கொடுத்தால் கரைசல்கள் பாடத்தில் அந்த நேரம் குறையும். நிறை, மோல், மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராமில்) மூன்றையும் முக்கோணத்தில் எழுதி, வேண்டியதைக் கையால் மறைத்தால் வாய்பாடு வந்துவிடும். இருபது கணக்கு போட வையுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

ஆய்வகத்துணை:

நான் மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்துல வேலை பாக்கறேன், ஆசிரியர் இல்ல. பொருள் பத்தி மட்டும் சொல்றேன்.

சாக்பீஸை எடுத்துடுங்க மேடம். நம்ம ஊர்ல விக்கற சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல வார்க்கறது. அது இறுகினா ஜிப்சம், அதாவது தண்ணீரோட சேர்ந்த கால்சியம் சல்பேட். மோலார் நிறை 172. நீங்க கால்சியம் கார்பனேட்னு நினைச்சு 100 கிராம் எடுத்து வச்சா அது ஒரு மோல் இல்ல, 0.58 மோல்தான். சந்தேகமா இருந்தா ஒரு துண்டு சாக்பீஸ் மேல வினிகர் விடுங்க, பக்கத்துல முட்டை ஓட்டு மேலயும் விடுங்க. ஓடு நுரைக்கும், சாக்பீஸ் சும்மா ஊறிக்கிட்டு கிடக்கும்.

கோலமாவும் வேண்டாம். அதுல எந்தக் கல்லை அரைச்சிருக்காங்கன்னு பொட்டலத்துல இருக்காது.

சாக்பீஸுக்குப் பதிலா இரும்பு வைக்கலாம், ஆனா ஆணி எடுக்காதீங்க, நிறைய ஆணி துத்தநாகம் பூசினது. கட்டடத்துல கம்பி கட்டற கறுப்புக் கட்டுக்கம்பி 56 கிராம் சுருட்டி எடுங்க, அது ஒரு மோல் இரும்புக்குப் பக்கத்துல வரும். உப்புக்குத் தூளுப்பு போதும். அதுல இருக்கற அயோடின் பத்து லட்சத்துல சில பத்துப் பங்குதான், தராசுக்குத் தெரியாது. கல்லுப்புல ஈரம் ஜாஸ்தி.

தராசுக்கு வரிசை நின்னா பீரியடே போயிடும். கணக்கை முதல்ல நோட்டுல போட்டு உங்ககிட்ட கையெழுத்து வாங்கின குழுவுக்கு மட்டும் தராசுன்னு வைங்க.

பத்தர்மகன்:

நான் வேதியியல் படிச்சது ப்ளஸ் டூ வரைக்கும்தான். அப்பா நகை செய்யற பத்தர். பட்டறையில பாத்த ரெண்டு விஷயம் உங்களுக்கு உதவலாம்னு எழுதறேன்.

முதல் விஷயம்: சின்னச் சின்ன தங்க மணி (குண்டு) கோக்கற மாலைக்கு 500 மணி வேணும்னா அப்பா எண்ண மாட்டார். 50 மணி எண்ணி எடை போடுவார். அப்புறம் மொத்தமா அதைப் போல பத்து மடங்கு எடை அள்ளிடுவார். எண்ணிப் பாத்தா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். எங்க வேதியியல் சார் மோல் நடத்தினப்ப எனக்கு உடனே அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா வகுப்புல சொல்லக் கூச்சமா இருந்துச்சு.

ரெண்டாவது, சவரன். பிள்ளைங்க வீட்டுல தினமும் கேக்கற வார்த்தை. ஒரு சவரன் 8 கிராம். தங்கத்தோட அணு நிறை 197. அப்போ ஒரு மோல் தங்கம்னா 24 சவரனுக்கு மேல, கிட்டத்தட்ட இருபத்து நாலரை. ஒரு சவரன் சுத்தத் தங்கம்னா 0.04 மோல். நகைன்னா 22 காரட், அதுல தங்கம் 91.6 சதவீதம், அதனால 8 கிராம்ல 7.33 கிராம்தான் தங்கம், 0.037 மோல். மிச்சம் செம்பு, வெள்ளி. இந்தக் கணக்கை எந்தப் பிள்ளையும் ஆர்வமாப் போடும்.

தராசுமுள்:

ஆய்வகத்துணை அண்ணா, சாக்பீஸ் விஷயத்துல காப்பாத்தினீங்க. இன்னைக்கு வினிகர் விட்டுப் பாத்தேன், ஒரு குமிழி கூட வரல. இத்தனை வருஷமா கையில பிடிச்சு எழுதின பொருள் என்னன்னு இப்பதான் தெரிஞ்சுக்கறேன். கட்டுக்கம்பிக்கு மாறிட்டேன்.

பத்தர்மகன் சார், ஐம்பது மணி எண்ணி எடை போடறது எனக்கு ரொம்பப் பெரிய உதவி. அதையே முதல் பீரியடா வச்சுக்கலாம்னு தோணுது, பயறு வச்சு.

கரும்பலகை ஐயா, நீங்க சொல்ற தேர்ச்சிக் கவலை எனக்கும் உண்டு. முக்கோணம் நானும் போட்டேன். அதனாலதான் அந்தப் பையன் தராசுல மோலைத் தேடினான்.

யாழ்மூல்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். எங்கட புத்தகத்தில் இது "மூல்", நிறை என்று நீங்கள் சொல்வதை நாங்கள் "திணிவு" என்போம். சொல் வேறாக இருந்தாலும் பிள்ளைகள் இடறுகிற கல் ஒன்றுதான்.

நான் இதை மறுபக்கமாகச் செய்விக்கிறேன். சின்னப் பொலித்தீன் பைகளில் வெள்ளைத் தூள்களைப் போட்டு வாயை ஒட்டிவிடுவேன். பெயர் எழுத மாட்டேன். "0.25 மூல்" என்று மட்டும் எழுதியிருக்கும். பலகையில் ஒரு பட்டியல் இருக்கும்: உப்பு 58.5, அப்பச்சோடா 84, நீரற்ற சிற்றிக் அமிலம் 192, சீனி 342. பிள்ளைகள் பையை நிறுத்து, திணிவை 0.25 ஆல் பிரித்து, இது எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. உப்பு 0.25 மூல் என்றால் 14.6 கிராம். வெறும் பையின் திணிவு 3 கிராம் என்று வையுங்கள். அதைக் கழிக்க மறந்த பிள்ளைக்கு 17.6 வரும், பிரித்தால் 70. பட்டியலில் 70 இல்லை! நான் வாய் திறக்கவே தேவையில்லை. கொஞ்ச நேரம் பையைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பிறகு தானாகவே வந்து "ரீச்சர், வெறும் பை ஒன்று தாங்கோ" என்று கேட்கும். கொப்பியில் செய்கிற கணக்கில் இப்படித் தானாகத் திரும்பி வருகிற பிள்ளையை நான் கண்டதில்லை.

திறந்து சுவைத்துப் பார்க்கக் கூடாது என்று முதலே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கோ.

பத்தாவது_ஆ_பிரிவு:

நான் மாணவி. எழுதலாமான்னு தெரியல, மன்னிச்சுக்கோங்க. எனக்கு மோல் புரியாததுக்குக் காரணம் சொல்றேன்.

ஒரு மோல்னா என்னன்னு கேட்டா ஒரு இடத்துல 6.022 × 10²³னு இருக்கு. இன்னொரு இடத்துல கிராம்ல சொன்ன மூலக்கூறு நிறைன்னு இருக்கு. இன்னொரு இடத்துல 22.4 லிட்டர்னு இருக்கு. ஒரே கேள்விக்கு மூணு பதில். எது சரின்னு எங்க சார்கிட்ட கேட்டேன், மூணும் சரிதான்னு சொன்னார். அது எப்படி மூணும் சரியா இருக்கும்?

தராசுமுள்:

மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா, இந்த இழையிலயே முக்கியமான கேள்வி இதுதான்.

மூணும் ஒரே மாதிரி பதில் இல்ல. முதல்ல இருக்கறது மட்டும்தான் மோல். அது ஒரு எண்ணிக்கை. உங்க ஊர்ல வெத்தலை கவுளி கணக்குல விப்பாங்களா? எங்க ஊர்ல கவுளின்னா 100 வெத்தலை. சின்ன இலைக் கவுளியும் பெரிய இலைக் கவுளியும் ஒரே எடையா இருக்குமா? இருக்காது. ஆனா ரெண்டும் கவுளிதான், ஏன்னா எண்ணிக்கை 100. அதே மாதிரி மோல்ங்கறது 6.022 × 10²³ங்கற எண்ணிக்கை. தண்ணில அத்தனை மூலக்கூறு சேர்ந்தா 18 கிராம் எடை இருக்கும், சர்க்கரையில அத்தனை சேர்ந்தா 342 கிராம். பொருள் மாறினா எடை மாறும். 22.4 லிட்டர் வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துல அந்த எண்ணிக்கை அடைச்சுக்கற இடம். தண்ணிக்கும் உப்புக்கும் அதைப் போடக் கூடாது.

2019 மே 20ல இருந்து உலக அளவுல வரையறையே இப்படித்தான். அதுக்கு முன்னாடி 12 கிராம் கார்பன்-12ல எத்தனை அணு இருக்கோ அத்தனைன்னு, எடையை வச்சுச் சொன்னாங்க. இப்போ 6.02214076 × 10²³ங்கற எண்ணையே நிலையா வச்சுட்டாங்க. எண்ணிக்கைதான் முதல், எடை அப்புறம். நான் பிள்ளைங்களுக்குத் தலைகீழா நடத்தியிருக்கேன்னு உன் கேள்வியைப் படிச்சப்ப புரிஞ்சது.

கரும்பலகை:

மாணவி கேட்டது நியாயமான கேள்வி. நான் ஒப்புக்கொள்கிறேன், "மூன்றும் சரி" என்று நானும் பல முறை சொல்லியிருக்கிறேன்.

இருந்தாலும் ஒரு மறுப்பு. விடைத்தாளில் நான் அதிகமாகப் பார்க்கும் தவறு வேறு. "ஒரு மோல் ஆக்சிஜன்" என்றால் 16 கிராமா 32 கிராமா? அணுவா மூலக்கூறா என்று பார்க்காமல் எழுதிவிடுகிறார்கள். உங்கள் மேசையில் ஆக்சிஜனைக் கொட்டி வைக்க முடியாது. உப்பையும் சர்க்கரையையும் நிறுத்துவிட்டு இந்தக் குழப்பம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, உப்பில் மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. ஒரு மோல் உப்பு என்றால் ஒரு மோல் சோடியம் அயனியும் ஒரு மோல் குளோரைடு அயனியும். இதைச் செயல்பாட்டின்போதே சொல்லாவிட்டால் ப்ளஸ் ஒன்னில் சிக்கல்.

யாழ்மூல்:

சேர் சொல்வது சரி. அதற்கு நான் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறேன்: "எதன் மூல்?" பிள்ளை "ஒரு மூல்" என்று சொன்னால் வகுப்பு முழுவதும் "எதன்?" என்று கேட்க வேண்டும். அணுவா, மூலக்கூறா, அயனியா. ஒரு கிழமைக்குள் பழகிவிடும்.

தராசுமுள்:

செஞ்சு முடிச்சாச்சு. ரெண்டு பீரியட் இல்ல, மூணு ஆச்சு. விவரமா எழுதறேன்.

முதல் பீரியட் பயறு. 0.1 கிராம் காட்டற சின்னத் தராசு ஒண்ணு தெரிஞ்சவங்ககிட்ட இரவல் வாங்கினேன். 100 கொண்டைக்கடலை எண்ணி எடை போட்டோம்: 31 கிராம். 100 பாசிப்பயறு: 4.2 கிராம். அப்புறம் ஒரு பை கடலையைக் குடுத்து, எண்ணாம எத்தனைன்னு சொல்லச் சொன்னேன். எல்லாக் குழுவும் சொல்லிட்டாங்க. இது சுலபம்.

அடுத்த கேள்விதான் நான் எதிர்பாத்ததை விட ஆழமாப் போச்சு. "200 கடலை, 200 பயறு எடுத்தா எடை என்ன?" 62, 8.4. "ஆயிரம்?" 310, 42. "இதுல எது மாறல?" ரொம்ப நேரம் அமைதி. கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு, "மிஸ், எத்தனை எடுத்தாலும் கடலை ஏழு மடங்குக்கு மேலதான் இருக்கு"ன்னா. வகுத்துப் பாத்தோம், எல்லாத்துலயும் 7.4. அப்போ நான் கேட்டேன்: "சரி, எனக்கு எண்ணத் தெரியாதுன்னு வைங்க. ஒரு பக்கம் 7.4 கிலோ கடலை, ஒரு பக்கம் 1 கிலோ பயறு கொட்டி வச்சிருக்கேன். எது எண்ணிக்கையில ஜாஸ்தி?" ரெண்டும் சமம்னு நாலஞ்சு பேர் ஒண்ணாச் சொன்னாங்க. உடனே பலகையில எழுதினேன்: ஹைட்ரஜன் அணு 1, ஆக்சிஜன் அணு 16. "1 கிராம் ஹைட்ரஜன் அணு, 16 கிராம் ஆக்சிஜன் அணு, எது எண்ணிக்கையில ஜாஸ்தி?" அணு நிறையை அப்படியே கிராம்ல எடுத்தா ஏன் எண்ணிக்கை சமமா வருதுங்கற கேள்விக்கு இந்த வகுப்புல முதல் தடவையா பதில் கிடைச்சுது. நான் படிச்சப்ப இதை யாரும் எனக்குச் சொல்லல.

ரெண்டாவது பீரியட் ஒரு மோல் வரிசை. தண்ணீர் 18, அலுமினியம் 27, இரும்பு 56, உப்பு 58.5, ஆப்பசோடா 84, சர்க்கரை 342. தண்ணி ஒரு மூடி அளவுக்குள்ள நிக்குது, சர்க்கரை ஒரு பெரிய கிண்ணம் நிறைய. ஒரு பையன் நம்பவே மாட்டேன்னுட்டான்: "இவ்ளோ சர்க்கரையும் இந்தச் சொட்டுத் தண்ணியும் ஒரே எண்ணிக்கையா?" அவனுக்குப் பக்கத்துல இருந்தவனே பதில் சொன்னான், "கடலையும் பயறும்டா". சர்க்கரை மூலக்கூறுல கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11, மொத்தம் 45 அணு. தண்ணில மூணே மூணு. கரும்பலகை ஐயா சொன்ன உப்பு விஷயத்தையும் அங்கேயே சொல்லிட்டேன். "எதன் மோல்?"னு இப்போ வகுப்பே கத்துது, யாழ்மூல் மேடத்துக்கு நன்றி.

மூணாவது பீரியட் நான் திட்டம் போடாதது. ஒரு பொண்ணு, "நாம கணக்குல போடற எடை நிஜமாவே அப்படித்தான் வருமா மிஸ்?"னு கேட்டா. அதனால ஆப்பசோடாவைச் சூடு பண்ணிப் பாத்தோம். சோடியம் பைகார்பனேட் சூட்டுல சோடியம் கார்பனேட், நீராவி, கார்பன் டை ஆக்சைடுன்னு பிரியும். ரெண்டு மோலுக்கு ஒரு மோல் கார்பனேட். 8.4 கிராம், அதாவது 0.1 மோல் எடுத்தா 0.05 மோல் மிஞ்சணும், கார்பனேட்டோட மோலார் நிறை 106ஐ 0.05ஆல் பெருக்கினா 5.3 கிராம். இதைப் பலகையில எழுதி வட்டம் போட்டுட்டு அடுப்பைப் பத்த வச்சோம். சூடு பண்ணினது நான் மட்டும், பிள்ளைங்க தள்ளி நின்னாங்க. சின்ன எவர்சில்வர் கிண்ணம், மிதமான தீ. பத்து நிமிஷம் கழிச்சு ஆற வச்சு எடை போட்டா, கிண்ணத்தைக் கழிச்சு 6.1. முகம் எல்லாம் வாடிப் போச்சு. திரும்பவும் பத்து நிமிஷம்: 5.5. திரும்பவும்: 5.4. இன்னொரு தடவை: 5.4. அதுக்கு மேல இறங்கல. வகுப்பு கைதட்டினதுல பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பாத்தாங்க.

ஒரு குழு வீட்டுல இருந்து கொண்டுவந்த பாக்கெட்டையும் சூடு பண்ணச் சொன்னாங்க. அது பழுப்பாகி மாவு கருகற வாசம் வந்துச்சு. பாக்கெட்டைப் படிச்சா பேக்கிங் பவுடர், அதுல சோடாவோட அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். செய்யறவங்க முன்னாடியே பாக்கெட்டைப் பாத்துக்கோங்க.

ஆய்வகத்துணை:

5.4, 5.4னு ரெண்டு தடவை வந்தப்புறம் நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் சரியான முறை. எடை மாறாம நிக்கற வரைக்கும் சூடு பண்ணணும். ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கே இதை நாங்க திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு. ஒரு விஷயம்: சூடான கிண்ணத்தைத் தராசுல வைக்காதீங்க, எடையும் தப்பாக் காட்டும், தராசும் கெடும். அந்த மிச்ச 0.1 கிராமுக்கு இரவல் தராசைக் குறை சொல்ல வேண்டாம், அது காட்டற கடைசி இலக்கமே அவ்வளவுதான்.

பத்தர்மகன்:

கடலை, பயறு பகுதியை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "இது எங்க தொழில்தானே"ன்னார். அவருக்கு 71 வயசு.

கரும்பலகை:

மூன்று முறை படித்தேன், டீச்சர். 7.4 மடங்கு கேள்வியை நான் இதுவரை வகுப்பில் கேட்டதில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்க நான் செலவழித்த பீரியடுகளை எண்ணினால் மூன்றுக்கு மேல்தான் வரும். அடுத்த வாரம் என் வகுப்பில் பயறு பகுதியை மட்டுமாவது செய்கிறேன். பிறகு கணக்குப் பயிற்சியை வழக்கம்போல் கொடுப்பேன், அதை விடப்போவதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் பழைய கேள்விகளை ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தராசுமுள்:

கண்டிப்பா ஐயா. அடுத்த தேர்வுல ஒரு சவரன் கேள்வியும் வைக்கப் போறேன்.

பத்தாவது_ஆ_பிரிவு:

மிஸ், நான் வீட்டுல ஒண்ணு செஞ்சேன், சரியான்னு பாருங்க. அம்மா எனக்குப் போடற டீல ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. 9 கிராம். 342ஆல் வகுத்தா 0.026 மோல். தண்ணி 150 மில்லி, அதாவது 150 கிராம், 18ஆல் வகுத்தா 8.3 மோல். அப்போ ஒரு சர்க்கரை மூலக்கூறுக்கு முந்நூத்துச் சொச்சம் தண்ணி மூலக்கூறு வருது. அவ்ளோ தண்ணிக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு இருந்தும் டீ எப்படி இவ்ளோ இனிக்குது?

தராசுமுள்:

கணக்கு சரிம்மா. பாலை விட்டுட்டே, பரவாயில்ல. எப்படி இனிக்குதுங்கறதுக்கு உங்க உயிரியல் டீச்சரையும் சேர்த்துக் கேக்கணும், நானும் படிச்சுட்டு வரேன். ஒண்ணு மட்டும் சொல்லு. 9 கிராம்னு எப்படிக் கண்டுபிடிச்சே? வீட்டுல தராசு இருக்கா?

பத்தாவது_ஆ_பிரிவு:

இல்ல மிஸ். மளிகைக் கடை அண்ணா தராசுல ஒரு ஸ்பூன் போட்டா ஒரு தடவை 4 காட்டுது, ஒரு தடவை 6 காட்டுது. அதனால 20 ஸ்பூன் எண்ணிப் போட்டேன். 90 கிராம் வந்துச்சு.